செவ்வாய்க்கிழமைக் கபாப்

செவ்வாய், மாலை நான்கு மணி. டோர்ட்முண்ட்.

ஊருக்குக் கிளம்புகிறவன் கடைசியாகச் சரிபார்க்க வேண்டியது வீட்டுப் பூட்டையும் பாஸ்போர்ட்டையும்தான். என் கால்கள் நேராக மெஹ்மத்தின் கடைக்குப் போயின. ஜெர்மனியில் நான் பிழைக்கும் டோர்ட்முண்ட் நகரத்தில், ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது அந்தக் கபாப் கடை. செங்குத்தாக நிற்கும் கம்பியில் இறைச்சியை அடுக்கடுக்காகக் குத்தி, பக்கத்தில் நெருப்பை எரியவிட்டு, அது சுற்றச் சுற்ற வெந்த பாகத்தை நீளக் கத்தியால் மெல்லிசாகச் சீவுவார் மெஹ்மத். சீவியதை ரொட்டிக்குள் திணித்து, முட்டைக்கோசும் வெங்காயமும் வைத்து, மேலே பூண்டு நசுக்கிப் போட்ட கெட்டித் தயிரை ஊற்றித் தருவார். மற்ற நாள்களில் ஏழு யூரோ. செவ்வாய்க்கிழமை மட்டும் நாலரை.

திருத்தணிக்காரனுக்கு இதைவிட ஒரு சோதனை வேண்டாம். செவ்வாய்க்கிழமை முருகனுடைய நாள். எங்கள் தெருவில் அன்றைக்குக் குப்பையில் முட்டை ஓடுகூடக் கிடக்காது. வாரத்தில் இத்தனை கிழமை இருக்க, தள்ளுபடி கொடுக்க மெஹ்மத்துக்கு இந்தக் கிழமைதானா கிடைத்தது என்று நாலு வருஷமாகப் புலம்பிக்கொண்டே சாப்பிட்டேன். புலம்பினேனே தவிர, ஒரு வாரமும் விட்டதில்லை. கையில் காசு குறைவாக இருந்ததும் உண்மை, நாக்கு நீளமாக இருந்ததும் உண்மை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. படிக்கப் போன முதல் குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பேச்சு புரியாது, பார்க்க வர ஆள் கிடையாது, சாப்பாடு என்று வந்தது பச்சைத்தண்ணீர் மாதிரி ஒரு சூப். ஒருவழியாக வெளியே அனுப்பிய அன்று பஸ்ஸுக்கு நின்றபோது மெஹ்மத்தின் கடை வாசனை வந்தது. போய் ஒன்று வாங்கி, நின்றபடியே தின்று, தின்றபடியே அழுதேன். அவர் ஒன்றும் கேட்காமல் இன்னொன்று சுற்றிக் கொடுத்தார்.

அதே வாரத்தில் திருத்தணியில் என் அப்பா மலையேறி ஒரு வேண்டுதல் செய்திருக்கிறார். பையன் பிழைத்து எழுந்து, ஊருக்கு வந்து மலையில் முடி கொடுக்கும்வரை தான் கவுச்சி தொடுவதில்லை என்று. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா கவுச்சியை விட்டார் என்றால் கேட்டவர்கள் நம்பமாட்டார்கள். அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்த காலம் தொட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே காதர் பாய் கடைக் கபாப் இல்லாமல் அவருக்கு வாரம் முடியாது. எனக்கு இந்த வேண்டுதலே போன வருஷம்தான் தெரியும். படிப்பு, விசா, வேலை, டிக்கெட் விலை என்று ஏதோ ஒன்றைச் சொல்லி வராமலே இருந்துவிட்டேன். இந்த முறை கம்பெனியே பெங்களூரில் ஒரு வேலைக்காக அனுப்பியதால், முன்னால் நாலு நாள் விடுப்புச் சேர்த்துக்கொண்டேன்.

அம்மா போனில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "முடி குடுக்கிறவனும் ஒரு வாரம் சுத்தமா இருக்கணும். இல்லன்னா வேண்டுதல் சேராது. நைனா மறுபடியும் மொதல்லருந்து ஆரம்பிக்கணும், சொல்லிட்டேன்."

ஆகவே மெஹ்மத்திடம் கறி வேண்டாம், பாலாடைக்கட்டி வைத்தது போதும் என்றேன். அவர் என் பெட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு ரயில் ஏறினேன். அறுபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் கடி கடித்தேன். பாலாடைக்கட்டி. இரண்டாவது கடியில் தெரிந்துவிட்டது. அடியில் கறியைப் பரப்பி, மேலே பாலாடைக்கட்டியால் மூடியிருந்தார் மெஹ்மத். பையனிடம் காசில்லை, கேட்கக் கூச்சப்படுகிறான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. துப்பியிருக்கலாம். அடுத்த நிலையத்தில் குப்பைத் தொட்டியும் இருந்தது. நான் கடைசித் துணுக்குவரை தின்று, காகிதத்தில் ஒட்டியிருந்த தயிரையும் வழித்துவிட்டேன்.

புதன். துபாய், சென்னை, திருத்தணி.

வயிற்றில் அந்தக் கபாபோடு கடலைத் தாண்டினேன். துபாயில் விமானம் மாறி, பிற்பகல் சென்னையில் இறங்கி, மெட்ரோ பிடித்து சென்ட்ரல் வந்து, திருத்தணி மின்சார ரயிலில் இடம் பிடித்தேன். எண்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு டிக்கெட் முப்பது ரூபாய்கூட இல்லை. டோர்ட்முண்டில் அந்தக் காசுக்கு ரயில் நிலையக் கழிப்பறைக் கதவுகூடத் திறக்காது.

எதிரே பொதட்டூர்பேட்டைக்காரர் ஒருவர், விற்றது போக மீந்த லுங்கிக் கட்டைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறேன், என்ன சம்பளம், கல்யாணம் ஆயிற்றா என்று திருவள்ளூர் வருவதற்குள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டார். திருவாலங்காடு பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் கேட்டில் வரிசையாக நின்றன. காற்றில் ஆலை வாசனை வந்தது. அவரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். முடி கொடுக்கப் போகிற ஒருவன் நடுவில் தவறிவிட்டால் என்ன செய்வது என்று.

"யாருங்க, நீங்களா?" என்றார் உடனே.

"சிநேகிதன் ஒருத்தன்."

"ஆங், சிநேகிதன்." லுங்கிக் கட்டைக் காலால் உள்ளே தள்ளினார். "மலையில போயி சாமிகிட்ட சொல்லிக்கச் சொல்லுங்க. வூட்டுல பொம்பளைங்ககிட்ட மட்டும் வாயத் தொறக்க வேணாம்னு சொல்லுங்க."

இச்சிபுத்தூர் தாண்டியதும் மலை தெரிந்தது. விளக்குப் போட்டிருந்தார்கள். நாலு வருஷம் கழித்துப் பார்க்கிறவனுக்குச் சந்தோஷமாக இருக்கவேண்டும். எனக்குத் திருட்டு முழிதான் வந்தது.

நைனா மொபெட்டோடு நிலைய வாசலில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். வீடியோவில் பேசும்போதெல்லாம் அவருடைய நெற்றியும் பின்னால் சுற்றும் மின்விசிறியும் மட்டும்தான் தெரியும். போனைப் பிடிக்கத் தெரியாத மனிதர் என்று கேலி செய்வேன். அன்றைக்குத்தான் கன்னம் ஒட்டியிருப்பது கண்ணில் பட்டது. கவுச்சியில்லாத உடம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா செம்பில் தண்ணீர் கொடுக்கும்போதே கேட்டாள்: "கவுச்சி தொட்டு எத்தினி நாளாச்சு?"

"ஆச்சும்மா, ரொம்ப நாளாச்சு," என்றேன். நேற்று மாலையும் ஒரு விதத்தில் ரொம்ப நாள்தான், நடுவில் ஒரு கடல் இருக்கிறதே. நைனா கொடியில் சட்டையை மாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளி, காலை. மலை.

வியாழக்கிழமை முழுக்கத் தூங்கியும் முழித்தும் போனது. தூங்கினால் மெஹ்மத் வந்தார், முழித்தால் அம்மா நின்றாள். சொல்லிவிட்டால் நைனாவுக்கு இன்னொரு வருஷம் வாய்க்கட்டு. அடுத்த விடுப்பு எப்போது கிடைக்குமோ, அந்த முருகனுக்கே வெளிச்சம். சொல்லாமல் முடி கொடுத்தால் அவர் நாலு வருஷம் காத்ததை நான் ஒரு பொட்டலத்தில் கெடுத்தது மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி எனக்கில்லை, அவருக்குத்தான் விழும்.

அம்மா முழங்கால் வலிக்காரி என்பதால் ஆட்டோவில் மலைப்பாதை வழியாக முன்னால் போய்விட்டாள். நானும் நைனாவும் சரவணப் பொய்கையில் குளித்துவிட்டுப் படியேறினோம். எங்களுக்கு முன்னால் புதுப்பெண் ஒருத்தி ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே குனிந்து குனிந்து ஏறினாள். அவளுடைய வேகத்தில் நாங்களும் ஏறினோம். பாதிப் படியில் நைனா மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"நைனா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"மேல போயி சொல்லு."

"மேல போறதுக்குள்ள சொல்லணும்."

துண்டால் கழுத்தைத் துடைத்தார். "கபாபா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"செவ்வாக்கெழமையானா போன் பண்ணுவ. மீசையில வெள்ளையா ஒட்டிகினு இருக்கும். உங்கம்மா தயிர்சோறுன்னு நெனச்சிகினு இருக்கா. தயிர்சோறு துன்னவன் மூஞ்சி அவ்ளோ சந்தோசமா இருக்குமாடா?"

நான் மெஹ்மத்தின் கதையைச் சொன்னேன். பாலாடைக்கட்டிக்கு அடியில் கறி இருந்ததையும், துப்பாமல் தின்றதையும், அது போன செவ்வாய்க்கிழமை என்பதையும் சொன்னேன். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "நல்ல மனுசண்டா அந்த பாய். கறிய ஒளிச்சி வச்சிக் குடுத்திருக்கான் பாரு."

"சிரிக்காத நைனா. அம்மா சொன்ன மாதிரி மறுபடி மொதல்லருந்துன்னா?"

சிரிப்பு நின்றது. மேலே கோபுரத்தைப் பார்த்தார். அவருக்கும் அது விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. காதர் பாய் கடை மனதில் ஓடியிருக்கும்.

"நான் கட்டுனது என் வாய," என்றார் கடைசியில். "ஒன் வாயையும் சேத்துக் கட்டல. எம்புள்ள எழுந்து நல்லா துன்னுகினு நல்லா இருக்கணும்னுதான் அவர கேட்டேன். கேட்டத அவரே குடுத்துட்டு, அத துன்னதுக்கு அவரே கோச்சிக்குவாரா?"

நான் எழுந்தேன். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அதுக்குன்னு அப்பிடியே வர முடியாது. கீழ போயி இன்னொரு முழுக்கு போட்டுட்டு வா. நான் இங்கயே குந்திகினு இருக்கேன்."

ஏறிய படியெல்லாம் இறங்கி, பொய்கையில் ஈரத்தோடு ஈரமாக இன்னொரு முழுக்குப் போட்டு, மறுபடி ஏறினேன். குங்குமம் வைத்துக்கொண்டு போன பெண் அதற்குள் மேலே ஏறி மறைந்துவிட்டாள். தொடை இரண்டும் நடுங்கின. இதற்கு அந்தக் கறியைத் துப்பித் தொலைத்திருக்கலாம்.

முடி இறக்கும் மண்டபத்தில் வரிசை சின்னது. தலையை முடித்துவிட்டு, "மீசையும் எடுத்துடலாங்களா?" என்று கேட்டார் முடி எடுப்பவர்.

"எடுத்துடு," என்றார் நைனா. "அதான் மாட்டிக் குடுக்குது."

பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிவிட்டாள். சந்நிதியில் நின்றபோது பெரிதாக எதுவும் வேண்டத் தோன்றவில்லை. மன்னிச்சுக்கோ, மெஹ்மத்தையும் சேர்த்து மன்னிச்சுக்கோ என்றேன். நைனா கண்ணை மூடி நெடுநேரம் நின்றார்.

ஞாயிறு, மாலை ஐந்து மணி. அரக்கோணம்.

வேண்டுதல் முடிந்ததும் வாயைத் திறந்துவிட முடியாது எங்கள் பக்கத்தில். வெள்ளி முருகனுக்கு, சனி பெருமாளுக்கு. அதோடு, வருகிற கிருத்திகை தாண்டாமல் தன் அடுப்பில் கறி ஏறாது என்று அம்மா சொல்லிவிட்டாள். நைனாவுக்கு அதில் வருத்தமே இல்லை. விட்டது காதர் பாய் கடையில், தொடுவதும் அங்கேதான் என்று அம்மாவுக்குக் கேட்காமல் என் காதோடு சொன்னார். எனக்கு பெங்களூர் ரயில் அரக்கோணத்தில்தான். பதிமூன்று கிலோமீட்டர் பஸ்ஸில் போய் இறங்கினோம். சலவைச் சட்டை போட்டு, மீசையை எண்ணெய் தொட்டு வாரி, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்தார் நைனா.

காதர் பாய் கடை நிலையத்திலிருந்து பொடிநடை தூரம். கரி அடுப்பு, கம்பிகள், ரெண்டு பெஞ்சு. என் மொட்டைத் தலையைப் பார்த்ததும் பாய் விசிறியைக் கீழே போட்டார்.

"அண்ணே! முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது பாய்."

"நாலு வருசமா ஞாயித்துக்கெழம தவறாம வருவாருங்க தம்பி," என்றார் பாய் என்னிடம். "அடுப்பாண்ட குந்திகினு ஒரு டீ குடிப்பாரு, போயிடுவாரு. வாசனைக்குக் காசு வாங்கல நானு, அவ்ளோதான்."

ஒரு தட்டு எண்பது ரூபாய். பாய் கம்பியைத் திருப்பித் திருப்பிச் சுட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, வெங்காயத்தோடு கொண்டுவந்து வைத்தார். நைனா ஒரு துண்டை எடுத்தார். வாசனை பார்த்தார். வாயில் போட்டார்.

வலது பக்கம் ஒதுக்கினார், இடது பக்கம் ஒதுக்கினார். முன்பல்லுக்குக் கொண்டுவந்தார். பாயும் நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் ஆனது. கடைசியில் தலையைத் திருப்பிக்கொண்டு, துண்டைக் காகிதத்தில் துப்பி மடித்தார்.

"நல்லாத்தான் இருக்குது பாய்," என்றார். "மெல்ல முடியல."

வாயைத் திறக்கச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றார், பிறகு காட்டினார். பின்பக்கம் இரண்டு ஓரமும் வெறும் ஈறு.

"எப்ப நைனா?"

"ரெண்டு வருசமா. ஒண்ணொண்ணா போச்சு. கவுச்சியே இல்ல, சோத்துக்கு எதுக்குடா பல்லு?"

நெற்றியும் மின்விசிறியும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. போனைப் பிடிக்கத் தெரியாத மனிதர் இல்லை அவர். நான் ஒரு பொட்டலக் கபாபுக்காக மூன்று நாள் தூக்கம் கெட்டவன். வராமல் இருந்த நாலு வருஷத்துக்கு ஒரு நாள்கூட என் தூக்கம் கெட்டதில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாய் தட்டை எடுக்கக் கை நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"பாய், உங்ககிட்ட நீளமா, நல்ல கூரா ஒரு கத்தி இருக்குதா? கொஞ்சம் கெட்டித் தயிரு, ரெண்டு பல்லு பூண்டு, சூடா ஒரு பரோட்டா."

நாலு வருஷம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மெஹ்மத்தின் கையைப் பார்த்தது வீண்போகவில்லை. பெரிய துண்டாக ஒன்றை அடுப்பிலிருந்து எடுத்து, கம்பியோடு நிறுத்திப் பிடித்து, மேலிருந்து கீழாக, காகிதம் போல் சீவினேன். முதல் இரண்டு சீவல் தடியாகப் போயின, பிறகு கை பழகிவிட்டது. பூண்டை உப்போடு நசுக்கித் தயிரில் கலந்தேன். பரோட்டாவைத் தட்டி மெத்தென்றாக்கி, கறியைப் பரப்பி, வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் தூவி, தயிரைத் தாராளமாக ஊற்றிச் சுருட்டி, அடியைக் காகிதத்தால் சுற்றி நைனாவின் கையில் கொடுத்தேன்.

ஒரு கடி கடித்தார். ஈறாலேயே அரைத்தார். விழுங்கினார். இரண்டாவது கடி பெரிதாக இருந்தது. அதன்பிறகு எங்கள் இரண்டு பேரையும் மறந்துவிட்டார். முடித்ததும் காகிதத்தை விரித்துப் பார்த்து, ஒட்டியிருந்த தயிரை விரலால் வழித்தார். அதை நான் எங்கிருந்து கற்றேன் என்று தெரிந்துகொண்டேன்.

"இதானா அது?" என்றார்.

"கிட்டத்தட்ட இதான்."

"அப்போ நீ செவ்வாக்கெழம போனதுல தப்பே இல்ல. இன்னொண்ணு சுருட்டு."

பாயும் ஒன்று கேட்டார். அவருக்கும் எனக்குமாகச் சேர்த்துச் சுருட்டினேன். மெஹ்மத்துடையது இன்னும் கொஞ்சம் புளிக்கும், ரொட்டி மொறுமொறுக்கும். இதில் கரியின் புகை இருந்தது, காரம் இருந்தது. எது உசத்தி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே நான் தனியாகச் சாப்பிட்டேன், இங்கே மூன்று பேர் ஒரே பெஞ்சில் சாப்பிட்டோம்.

ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது. நைனாவின் மீசையில் இரண்டு பக்கமும் தயிர் வெள்ளையாக ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மீசை மொளைக்கிற வரைக்கும் தைரியமா துன்னு," என்றார். வண்டி நகர்ந்தது. பல் டாக்டரிடம் போவது பற்றி நான் சத்தமாக ஏதோ சொன்னேன். அவர் கையாட்டினார், கேட்டதோ என்னவோ.

காட்பாடி தாண்டியதும் போன் அடித்தது. வீடியோ. எப்போதும்போல நெற்றியும் மின்விசிறியும்தான் வரும் என்று எடுத்தேன். போனை நைனா நேராகப் பிடித்திருந்தார். ஒட்டிய கன்னம், எண்ணெய் மீசை, இன்னும் துடைக்காத தயிர். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "இந்த மனுசன் மூஞ்சிய பாரு! தயிர்சோறு துன்னுட்டு வாயக்கூட தொடைக்காம பஸ்சுல வந்துகிறாரு!"

நைனா என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். கையால் பொத்திக்கொள்ளவில்லை.